முத்திரை வைத்த கட்டு

என் கணவர் பொன்னுராஜ் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. பதினொரு வருடம் வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்தவள் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதுதான் பழக்கம்.

கம்பத்தில் எங்களுக்கு ஒரு சின்ன அச்சாபீஸ் இருந்தது. காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் ஒன்று, எழுத்துப் பெட்டிகள் இரண்டு அலமாரி நிறைய. திராட்சை மண்டிகளுக்கு பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, சபை அறிவிப்புகள் என்று வேலை வரும். நான் காலை பஸ்ஸில் உத்தமபாளையம் போய் ஆதித்தன் வக்கீலின் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து அவருக்குப் புரூஃப் பார்த்துக் கொடுப்பேன்.

1976 ஜூன் மாதம். அவசரநிலை வந்து ஒரு வருடம். ராக்கப்பன் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரத்துக்கான கையெழுத்துப் பிரதியோடு எங்கள் அச்சாபீசுக்கு வந்தார். அரசியலில் ஊறியவர், கம்பத்தில் எல்லோரும் அறிந்த ஆள். விசாரணை இல்லாமல் ஆட்களைப் பிடித்து அடைப்பதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். கீழே அச்சகத்தின் பெயர் போட வேண்டாம் என்றார். என் கணவர் பிரதியை இரண்டு தடவை படித்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்று என்னிடம் சொன்னார். அன்றே எழுத்துக் கோத்தார். ஐநூறு பிரதி. நான்தான் புரூஃப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் அச்செழுத்தில் 'ற'வுக்கு வலது கால் உடைந்திருக்கும். பில் புத்தகத்தையும் பிரசுரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அச்சடித்தது எங்கே என்று தெரிந்துவிடும். ஆனால் எழுதிக்கொடுத்தது யார் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. இருபத்து மூன்று நாள் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. அவர் சொல்லவில்லை. பிறகு உத்தமபாளையம் கிளைச்சிறையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஆதித்தன் சார் வழக்கை எடுத்துக்கொண்டார். சிறைக்குப் பார்க்கப் போனபோது குறிப்பு எடுக்க என்னையும் கூட்டிப் போனார். என் கணவரின் இடது கண்ணுக்குக் கீழே மஞ்சள் பாரித்திருந்தது. சார் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அவர் தயங்கினார்.

"சார், நான் சொல்றது இந்த அறையை விட்டு வெளிய போகுமா?"

"போகாது. வக்கீல்கிட்ட கட்சிக்காரர் சொன்னதை கோர்ட்டே கேட்டாலும் நான் சொல்லக்கூடாது. எனக்கே விருப்பம் இருந்தாலும் சொல்லக்கூடாது. அது சட்டம்."

வக்கீல் ஆபீசில் கட்சிக்காரர் என்றால் வழக்கைக் கொடுத்தவர். அந்த வார்த்தையை நம்பித்தான் இருபத்து மூன்று நாள் வாய் திறக்காத மனிதர் அன்று வாய் திறந்தார். பிரதி கொண்டுவந்தது ராக்கப்பன் என்று சொன்னார். நான் சுருக்கெழுத்தில் எடுத்து, ஆபீசுக்கு வந்து ஒரே ஒரு பிரதி தட்டச்சு செய்தேன். கார்பன் வைக்கவில்லை. அது அவருடைய வழக்குக் கட்டுக்குள் போனது.

இன்னொன்றும் அந்தக் கட்டுக்குள் போனது. அதைப் போட்டது நான்.

எங்கள் ஆபீஸ் குமாஸ்தா ஒச்சாண்டி அண்ணன். முப்பது வருடக் குமாஸ்தா. பைசல் ஆன வழக்கின் நம்பரை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். சிறைக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு நாலு வெள்ளைத் தாளைக் கையில் கொடுத்தார்.

"ஆத்தா, இதுல கீழ ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்திரு. நாளைக்கே அவரை மதுரைக்குக் கொண்டுபோயிட்டாகன்னா ஒவ்வொரு மனுவுக்கும் யாரு அங்கன ஓடுறது? நாம இங்கன டைப் அடிச்சுத் தாக்கல் பண்ணிக்கிரலாம்."

அது குமாஸ்தாக்கள் செய்கிற வேலைதான். மலையோரத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு கையெழுத்துக்காக மறுபடி ஒரு நாள் கூலியைக் கெடுத்துக்கொண்டு வரமுடியாது. வெறும் தாளில் கையெழுத்தோ ரேகையோ வாங்கி வைத்துக்கொள்வோம். சாருக்கு அது தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார். என் கணவர் நாலு தாளிலும் கீழே, வலது பக்கம், அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'எதுக்கு?' என்றுகூடக் கேட்கவில்லை. கொடுத்தது நான் அல்லவா?

ஜூலை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. மதுரையிலிருந்து வந்திருந்த ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு ரைட்டர், நாலு போலீஸ்காரர்கள் ஆபீசுக்குள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் இளவயது. சட்டைப் பையில் ஏலக்காய் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் பிளந்து விதையை வாயில் போட்டுக்கொண்டு தோலைத் தரையில் துப்பினார். எங்கள் தரையில்.

"ஆபீசைச் சோதனை போடணும் வக்கீல் சார்."

சார் எழுந்து நிற்கவில்லை. "எந்தக் காகிதத்தைத் தேடி? எதுக்காக இங்கன இருக்கும்னு நெனைக்கிறீக? காரணத்தை எழுதி வச்சிருக்கீகளா?"

"எழுதணுமா?"

"சட்டத்துல நூத்தி அறுபத்தஞ்சாம் பிரிவு. எழுதின பிறகுதான் நீங்க என் வாசப்படியத் தாண்டணும். காப்பி மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும்."

"தாண்டி வந்தாச்சே சார்" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். போலீஸ்காரர்கள் அதற்குள் அலமாரியில் கை வைத்துவிட்டார்கள்.

அடுத்த அரைமணி நேரம் அதே வேலைதான். கட்டுகளைப் பிடித்து இழுத்தார்கள். நாடா அறுந்து காகிதம் கொட்டியது. விதவைகளின் ஜீவனாம்ச வழக்கு, வரப்புச் சண்டை, ஒரு பெண்பிள்ளை கெட்டுப்போன வழக்கு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒருவன் அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தான். இன்னொருவன், "அடுத்த பக்கம் எங்கடா?" என்று கேட்டான். பூட்ஸ் கால் அவற்றின்மேல் நடந்தது. சுப்புத்தாய் என்ற சின்னமனூர்க் கிழவி தன் பங்கு நிலத்துக்காகக் கொடுத்திருந்த முத்திரைத் தாளில் முழுக் காலடி பதிந்திருந்தது. அதை நான் பிறகு அழிரப்பரால் தேய்த்தும் போகவில்லை.

சார் அப்போதுதான் எழுந்தார். குரல் உயரவில்லை.

"இன்ஸ்பெக்டர், இங்க இருநூறு பேரோட ரகசியம் இருக்கு. அதுல நூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு ஒங்க கேஸுக்குச் சம்பந்தமில்லாதவுக. ஒங்களுக்கு வேண்டியது பொன்னுராஜ் கட்டுன்னா, அதைச் சொல்லுங்க. நானே எடுத்துத் தாரேன். ஆனா பிரிக்கக்கூடாது. அதுக்குள்ள இருக்கிறது எங்கிட்ட அவர் நம்பிச் சொன்னது. ஒரு தாளைக்கூட நீங்க படிக்கக்கூடாது. முத்திரை வச்சு மாஜிஸ்திரேட் முன்னால கொண்டுபோங்க. பிரிக்கலாமா வேண்டாமான்னு அவர் சொல்லட்டும். இல்ல, இங்கயே பிரிப்பேன்னா என் மேல கை வச்சுட்டுத்தான் பிரிக்கணும்."

தெருவில் ஆள் கூடிவிட்டது. கோர்ட்டிலிருந்து இரண்டு மூன்று வக்கீல்கள் கருப்புக் கோட்டோடு வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே வரவில்லை, ஆனாலும் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களைப் பார்த்தார். ஓர் ஏலக்காயைப் பிளந்தார்.

"சரி சார். ஒங்க இஷ்டப்படியே. பிரிக்கல."

எனக்கு அப்போது சாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

உள்ளூரில் மதிப்புள்ள இரண்டு பேர் சாட்சி வேண்டும் என்று சார் கேட்டார். ஒருவனை அவர்களே ஜீப்பில் கூட்டி வந்திருந்தார்கள். இன்னொருவராக எதிரே உரக்கடை குருசாமியை அழைத்தார்கள். முந்தின வருடம்தான் அவருடைய கடை வழக்கை சார் ஜெயித்துக் கொடுத்திருந்தார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, சார் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

ரைட்டர் மகஜர் பாரத்தை நீட்டினார். கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் எழுத வேண்டிய பாரம். அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

"கீழ போட்டிருங்க அண்ணாச்சி. நாங்க எழுதிக்கிறோம்."

"கடையில ஆளு இல்லப்பா. சீக்கிரம்" என்று குருசாமி மூன்று பாரத்திலும் கையெழுத்துப் போட்டார்.

"குருசாமி!" என்றார் சார். "வெறும் பாரத்துல கையெழுத்துப் போடலாமா? அதுல நாளைக்கு என்ன வேணும்னாலும் எழுதுவாக."

"நமக்கெதுக்கு சார் வம்பு? பெரியவுக நீங்க பேசிக்கிருங்க."

ஒச்சாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த நாலு தாள் கட்டுக்குள் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சாருக்கு அந்த நேரம் நினைவில்லை. சாக்கு நூலால் கட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'சார், உள்ளே எத்தனை தாள் இருக்கிறது என்று எண்ணிவிட்டு முத்திரை வையுங்கள்.' ஆனால் எண்ண வேண்டுமானால் பிரிக்க வேண்டும். பிரிக்கக்கூடாது என்றுதான் சார் இவ்வளவு நேரம் வாதாடி ஜெயித்திருக்கிறார். பிரித்தால் கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள்கள் போலீஸ் கண்ணில் படும். வெறும் பாரத்தில் கையெழுத்துப் போடலாமா என்று அப்போதுதான் சார் குருசாமியிடம் கேட்டு முடித்திருந்தார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஒச்சாண்டி அண்ணன் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னார்:

"சும்மா இரு ஆத்தா. வாயத் தொறந்தா சாருக்குத்தான் அசிங்கம்."

உட்கார்ந்துவிட்டேன்.

அரக்கு எங்கள் ஆபீசினுடையது. மெழுகுவர்த்தி எங்களுடையது. உருகின அரக்கின்மேல் பதித்த பித்தளை முத்திரை இன்ஸ்பெக்டருடையது. அவ்வளவு சட்டம் பேசிய சாரும், வாசலில் நின்ற கருப்புக் கோட்டுகளும், நானும், அந்த முத்திரை யாருடையது என்று யோசிக்கவில்லை. இன்னொரு முத்திரையைச் சார் பக்கத்தில் பதித்திருக்கலாம். அவருடைய மோதிரத்தையாவது வைத்து அமுக்கியிருக்கலாம். 'ஒரு கட்டு, பிரிக்கப்படாதது' என்று ரைட்டர் பிறகு பட்டியலில் எழுதிக் காப்பி கொடுத்தார். சட்டப்படி எல்லாம் சரி.

சனி, ஞாயிறு கோர்ட் இல்லை. கட்டும் அந்தப் பித்தளை முத்திரையும் அவர்களிடமே இருந்தன.

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் வைத்தார்கள். முத்திரை முழுசாக இருந்தது. சார் ஒரு மணி நேரம் வாதாடினார். வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைப் போலீஸ் தோண்டி எடுத்தால் இனிமேல் எந்த மனிதன் எந்த வக்கீலிடம் உண்மை சொல்வான் என்று கேட்டார். மாஜிஸ்திரேட் வயதானவர், நல்ல மனிதர். அந்தக் காலத்தில் அப்படி ஓர் உத்தரவு போட நெஞ்சில் தைரியம் வேண்டும். கட்டைப் பிரிக்காமலேயே சாரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் வக்கீல்கள் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வெள்ளிக்கிழமை வாசலோடு நின்றவர்கள்தான். ஒச்சாண்டி அண்ணன் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

ஆபீசுக்கு வந்து, அரக்கை உடைத்து, கட்டைப் பிரித்தது நான். குறிப்பு இருந்தது. வக்காலத்து இருந்தது. நாலு வெள்ளைத் தாள் இல்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அப்படியே நின்றார்.

"எத்தனை?"

"நாலு சார்."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவர் கேட்ட இரண்டாவது கேள்வி அது. என் கணவருக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

அன்று மத்தியானமே செய்தி வந்தது. ராக்கப்பனைச் சனிக்கிழமையே தூக்கிவிட்டார்கள்; குறிப்பில் இருந்த பெயர் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று பேரை. அடுத்த வாரம் ஒரு பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி: அச்சக உரிமையாளர் தம் செயலுக்கு வருந்திக் கடிதம் எழுதினார், பின்னணியில் இருந்தவர்களின் பெயர்களைத் தாமாக முன்வந்து தெரிவித்தார், விடுதலை செய்யப்பட்டார்.

உண்மையிலேயே விடுதலை செய்தார்கள். அதுதான் அந்த வேலையின் சாமர்த்தியம். நாலு பேர் உள்ளே இருக்க, இவர் மட்டும் வெளியே வந்தார். ஏன் விட்டார்கள் என்று அவருக்கே தெரியாது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று என்னிடம், "ஊர்ல எதுவும் சாவா?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைத் தாள், அரக்கு, சனி, ஞாயிறு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "நாலுல ஒண்ணுலதான் எழுதியிருக்கான். மிச்சம் மூணு இன்னும் அவன்கிட்ட இருக்கு, இல்ல?" என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. அதன் பிறகு அவர் சாகிற வரை அந்த மூன்று தாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தன.

மறுநாள் மண்டிக்குப் போனார். ராக்கப்பனுடைய ஆட்கள் நாலைந்து பேர் மறித்துக்கொண்டார்கள்.

"கடுதாசில இருக்கிறது ஒம் கையெழுத்தாய்யா?"

"என் கையெழுத்துதான்."

"அப்புறம் என்ன மசுருக்கு இங்கன வந்து நிக்கிற?"

இதை எனக்குச் சொன்னவள் மண்டியில் பழம் தரம் பிரிக்கிற மொக்கம்மாள். "எழுதுனது நான் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, மதினி? வாயில கொழுக்கட்டையா?" என்று என்னைத் திட்டினாள்.

நானும் அவரிடம் அதையேதான் கேட்டேன். "வெறும் தாள்ல போட்டதுன்னு சொல்லுங்க. நான்தான் வாங்குனேன்னு சொல்லுங்க."

"சொன்னா அடுத்த ஜீப்பு ஒனக்கும் வக்கீலுக்கும் வரும். ஒன்னைய மாட்டிவிட்டு நான் நல்லவன்னு பேர் வாங்கணுமா?" என்றார். "வக்கீல் சாரே சொல்லுவாக. நேரம் வரட்டும்."

சாரும் அதையேதான் சொன்னார். "அவசரநிலை போகட்டும் ஜெபமணி. நானே அபிடவிட் போடுறேன்."

போனது. அடுத்த வருடம் மார்ச்சில் போயே போனது. அத்துமீறல்களைப் பற்றி மனுக்கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். நான் அன்றே ஒரு பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்து சாரின் மேசையில் வைத்தேன். ஒரு பக்கம்தான். கையெழுத்துப் போட்ட வெள்ளைத் தாள் நாலு கட்டுக்குள் இருந்தன; திரும்பி வந்தபோது இல்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

சார் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா, என் ஆபீஸ்ல வெறும் தாள்ல கையெழுத்து வாங்குற பழக்கம் இருந்துச்சுன்னு நானே ஒத்துக்கிற மாதிரி. பார் கவுன்சில் விடுமா? நான் தாக்கல் பண்ணின ஒவ்வொரு மனுவையும் எதிர்க்கட்சிக்காரன் கிளறுவான். என் கட்சிக்காரங்க இருநூறு பேரு கெடுவாக."

"சார், அன்னைக்கு ஒரு கட்டுக்காக எதிர்த்து நின்னீங்க."

"அது வேற, இது வேறம்மா."

"எப்படி வேற?"

சார் வேறு ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார். ஒச்சாண்டி அண்ணன் வாசலில் நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தார். நான் டைப்ரைட்டருக்கு உறை போட்டுவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்த ஆபீஸ் படியை மிதிக்கவில்லை. அந்தச் சோதனையை எதிர்த்து நின்றதற்காக சாருக்கு அந்த வருடமே ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. அழைப்பிதழ் எங்கள் அச்சாபீசுக்கு வரவில்லை. எங்கள் அச்சாபீசுக்கு எதுவுமே வரவில்லை. இவர் தினமும் காலையில் கதவைத் திறந்து, எழுத்துப் பெட்டிகளைத் துடைத்து, சாயங்காலம் மூடுவார். வெளியே வந்த நாலு பேருக்கும் மாலை போட்டு ஊர்வலம் விட்ட அன்று மட்டும் கதவைத் திறக்கவில்லை.

சிறையில் பிடித்த இருமல் விடவில்லை. 1979 டிசம்பரில் இறந்தார். அடக்கத்துக்கு, போதகர் ஐயாவையும் சேர்த்து, ஒன்பது பேர் வந்தார்கள். உரக்கடை குருசாமி உத்தமபாளையத்திலிருந்து பெரிய மாலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "தங்கமான மனுசன்" என்று என்னிடம் சொன்னார். வெறும் பாரத்தில் கையெழுத்துப் போட்ட அந்தக் கையை நான் பார்த்தேன்.

ஐந்து வருடம் கழித்து, 1984-இல், ராக்கப்பன் என் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தி வந்தேன். அவர் உடம்பு போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. உட்காரச் சொன்னேன்.

"தங்கச்சி, வார ஞாயித்துக்கிழமை அவசரநிலைத் தியாகிகளுக்குப் பாராட்டு விழா. நம்ம அடிச்ச நோட்டீஸ் ஒண்ணு இருந்தா மேடையில கண்ணாடி போட்டு வைக்கலாம்னு பாத்தோம். எங்கயும் இல்ல. ஒங்கிட்ட இருக்குமா?"

இருந்தது. ஒரே ஒன்று. புரூஃப் பார்த்த பிரதி, ஓரத்தில் என் திருத்தங்களோடு, என் வேதாகமத்துக்குள்.

"அவரு ஒங்க பேரைச் சொல்லல" என்றேன். "இது ஒங்களுக்குத் தெரியணும்." அரக்கு முத்திரை முதல் சாரின் கண்ணாடி வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் தங்கச்சி."

"என்ன தெரியும்?"

"சனிக்கிழமை என்னைத் தூக்கிட்டுப் போனாக. மறுநாள் மத்த மூணு பேரையும் நான்தான் சொன்னேன். அடி அப்பிடி. அப்போ இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளைக் காட்டுனாரு. கீழ அண்ணன் கையெழுத்து. 'பயப்படாத, ஒம் பேரு கெடாது, சொன்னது இந்தாளுன்னு ஆக்கிருவோம்'னாரு. எம் முன்னாலதான் ரைட்டர் எழுதுனாரு. அந்த மூணு பேரோட தகப்பன் பேரு, தெரு எல்லாம்..." துண்டை உதறித் தோளில் போட்டார். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அடி தாங்காமல் சொன்னதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அந்த அடியை வாங்கியவரின் முதுகைத் துடைத்தவள் நான். ஆனால் இந்த மனிதர் வெளியே வந்த பிறகு மேடை மேடையாக ஏறி, 'எங்களை ஒரு துரோகி காட்டிக் கொடுத்தான்' என்று ஒவ்வொரு வருடமும் பேசியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டார். ஊர் சொல்லிக்கொள்ளும். ஏழு வருடம். அதில் இரண்டரை வருடம் என் கணவர் உயிரோடு, நூறு கஜம் தள்ளி, ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதில் வெட்கம் இருந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

"மேடையில அதைச் சொல்லுங்க" என்றேன். "நோட்டீசைத் தாரேன்."

"சொல்லுறேன் தங்கச்சி. சத்தியமாச் சொல்லுறேன். அண்ணன் போயிட்டாக, இனி எனக்கென்ன?"

கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்கே போய் மைதானத்தில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் நோட்டீசைக் கண்ணாடி போட்டு, ரோஜா மாலை சாத்தி வைத்திருந்தார்கள். ஆதித்தன் சாரும் மேடையில் இருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

ராக்கப்பன் பேச எழுந்தார். அந்த மாதம், அந்த வெயில், அந்த நோட்டீஸ் என்று வரிசையாகச் சொல்லி வந்தார். வருடா வருடம் பேசுகிற பேச்சு, கூட்டத்துக்கே மனப்பாடம். "ஐநூறு பிரதி! விடிஞ்சா வீட்டுக்கு வீடு கிடந்துச்சு! அப்போதான்..." என்று அந்த இடத்துக்கு வந்தார். என்னைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். "...அப்போதான் எங்களைக் கைது பண்ணினாக" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவ்வளவுதான். 'துரோகி' என்ற ஒரு வரியை விட்டுவிட்டார். விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி லேசாகத் தலையை ஆட்டினார். எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதைப் போல.

நான் எழுந்து நின்றேன். வாழ்நாளில் கூட்டத்தில் நான் வாய் திறந்ததில்லை.

"அண்ணே, ஒரு வரி விட்டுட்டீக. காட்டிக் கொடுத்தது யாருன்னு சொல்லுங்க."

அவர் கேட்காதது போலப் பேசினார். நான் இன்னும் சத்தமாகக் கேட்டேன். மைக்செட்காரரிடம் யாரோ கையைக் காட்ட, பாட்டைப் போட்டுவிட்டார்கள். மேடையில் சார் எழுந்தார். ஒரு கணம், இவராவது சொல்லப் போகிறார் என்று நினைத்துவிட்டேன். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

இரண்டு பேர் வந்து, "வாங்கக்கா, வெளிய போயிருவோம், பிரச்சனை வேண்டாம்" என்று என்னை மரியாதையாகவே அழைத்துக்கொண்டு போனார்கள். வழியில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது காதில் விழுந்தது.

"யாருடி இந்தம்மா?"

"அதான் அந்த அச்சாபீஸ்காரன் பொண்டாட்டி. காட்டிக் குடுத்தான்ல, அவன்."

நான் நின்றேன். அழைத்து வந்தவர்களும் நின்றார்கள். அவள் சின்னப் பெண், மடியில் குழந்தை. அவசரநிலையின்போது அவளே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பாள்.

"பேரு பொன்னுராஜ்" என்றேன். "இருபத்து மூணு நாள் அடிச்சாக. ஒரு பேரு சொல்லல."

அவள் குழந்தையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்கென்னக்கா தெரியும்? ஊர்ல சொன்னாக" என்றாள்.